ஆர்லாண்டோ டிஸ்னியில் ஆறு பேருக்கு எத்தனை கைப்பேசி வேண்டும்?

கேள்வி: டாலஸில் வசிக்கிறோம். டிசம்பர் விடுமுறையில் மதுரையிலிருந்து வரும் என் பெற்றோரையும், ஒன்பது வயது மகனையும், ஐந்து வயது மகளையும் ஆர்லாண்டோவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துச் செல்கிறோம். பூங்காவுக்கு வெளியே உள்ள விடுதியில்தான் தங்குகிறோம். செயலி இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது என்கிறார்கள். எல்லோரும் அதை இறக்கிக்கொள்ள வேண்டுமா? நாள் முழுவதும் கைப்பேசியைப் பார்த்தபடியே நிற்க வேண்டியிருக்குமா?

பதில்: ஆறு பேரில் இருவர் செயலியை வைத்திருந்தால் போதும், அவர்களிலும் ஒருவர் இயக்க, மற்றவர் மாற்று ஏற்பாடாக இருப்பதே நல்லது. ‘மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற அந்தச் செயலியில் உங்கள் கணக்கின் கீழ் குடும்பத்தார் அனைவரின் பெயரையும் சேர்த்து, ஒவ்வொருவரின் நுழைவுச்சீட்டையும் அவரவர் பெயரோடு இணைத்துவிடுங்கள். கைப்பேசியைத் துழாவிக்கொண்டிருக்க விரும்பாத அப்பா அம்மாவுக்கு பிளாஸ்டிக் நுழைவு அட்டையே வசதியானது. வாசலில் அதைத் தொட்டுக் காட்டலாம்.

கைப்பேசியோடு அதிகம் உட்கார வேண்டிய வேலை பயணத்துக்கு முன்பே வந்துவிடும். நெடிய வரிசைகளைத் தவிர்க்கக் கட்டணம் செலுத்திப் பெறும் ‘லைட்னிங் லேன் மல்டி பாஸ்’, 2024 ஜூலை முதல் முன்பதிவு முறைக்கு மாறியிருக்கிறது. டிஸ்னியின் சொந்த விடுதிகளில் தங்குவோர் 7 நாள் முன்னதாகவும், உங்களைப் போல் வெளியே தங்குவோர் 3 நாள் முன்னதாகவும் மூன்று சவாரிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஏறுவதற்கான ஒரு மணி நேர வரம்பைப் பதிவுசெய்துகொள்ளலாம். பதிவு காலை 7 மணிக்குத் திறக்கும். அது ஃபுளோரிடா நேரம். டாலஸில் அப்போது மணி 6 என்பதை மறந்து, ஏழு மணிக்கு நிதானமாக எழுந்து காபியோடு செயலியைத் திறந்தால், குழந்தைகள் கேட்ட சவாரிக்கு மாலை நேரம்தான் மிஞ்சியிருக்கும். முதல் நாள் இரவே செயலிக்குள் நுழைந்து, பணம் செலுத்தும் அட்டையின் விவரங்களைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சலுகையை ஆறு பேருக்கும் வாங்குவது வீண் செலவு. கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்படுகிறது. பூங்காவுக்கும் தேதிக்கும் ஏற்ப அது மாறும். வேகச் சவாரிகளில் ஏறப்போகாத தாத்தா பாட்டிக்கு அது எதற்கு? ஆனால் ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தையோடு 14 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் கட்டாயம் ஏற வேண்டும் என்பதால், மகளுக்கு வாங்கினால் உங்களில் ஒருவருக்கும் சேர்த்தே வாங்க வேண்டும். என் கணிப்பில், டிஸ்னி வேர்ல்டுக்குள் உள்ள பூங்காக்களில் மேஜிக் கிங்டமுக்கு இது செலவழிக்கத் தக்கது; சவாரிகள் குறைவாக உள்ள அனிமல் கிங்டமுக்குத் தேவையில்லை. ‘ட்ரான்’, ‘செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின்’ போன்ற சில சவாரிகளுக்கு ‘சிங்கிள் பாஸ்’ என்று தனிக் கட்டணம் உண்டு. பணம் கட்டும் முன் வீட்டுச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தை அளந்துவிடுங்கள்: ட்ரானுக்கு 122 செ.மீ., மைன் டிரெயினுக்கு 97 செ.மீ. வேண்டும். உயரம் போதாத குழந்தையைப் பெற்றோர் மாறி மாறிப் பார்த்துக்கொள்ள உதவும் ‘ரைடர் ஸ்விட்ச்’ உங்களுக்குத் தேவைப்படாது. மகளோடு இருக்கத்தான் தாத்தா பாட்டி இருக்கிறார்களே.

பூங்காவுக்குள் சென்ற பிறகு செயலியைத் திறக்க வேண்டிய தருணங்கள் சில மட்டுமே. பதிவுசெய்த ஒரு சவாரியை முடித்ததும் அடுத்ததை அங்கேயே பதிந்துகொள்ளலாம். மகள் தூங்கிவிட்டால் நேரத்தை மாற்றலாம். உங்கள் நேரத்தில் சவாரி பழுதாகி நின்றுவிட்டால், அந்த அனுமதி வேறு சவாரிகளில் பயன்படுத்தத்தக்கதாகத் தானாகவே மாறிவிடும், பதற வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் செயலி உண்மையிலேயே கைகொடுக்கிறது. பன்னிரண்டு மணி உணவுக்கான ‘மொபைல் ஆர்டரை’ காலை பத்து மணிக்கே கொடுத்துவிடுங்கள். பசியெடுத்த பிறகு திறந்தால் இரண்டு மணிக்குத்தான் இடம் காட்டும். உணவகத்தை அடைந்ததும், ‘வந்துவிட்டேன், தயார்செய்யுங்கள்’ என்ற பொருளில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அதன் பிறகே சமையலறையில் உங்கள் தட்டு தயாராகத் தொடங்கும். அதை அழுத்தாமலே, கையில் தட்டோடு வருகிறவர்களை எல்லாம் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பெற்றோர் சைவம் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உணவுப் பட்டியலில் உள்ள இலைக் குறி, இறைச்சி மட்டுமின்றி பால், முட்டை, தேன் எதுவுமே இல்லாத உணவைக் குறிக்கிறது. எனவே இலைக் குறி இல்லாததெல்லாம் அசைவம் அல்ல. குறி இல்லாதவற்றில் பாலாடைக்கட்டி சேர்த்த சைவ உணவும் அடங்கும். முட்டை சாப்பிடாதவர்கள் மட்டும் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பெற்றோரிடம் இருப்பது இந்திய சிம் என்றால், பூங்காவின் இலவச வைஃபையில் அவர்களுடைய கைப்பேசியை வாசலிலேயே இணைத்து, வாட்ஸாப்பில் நேரலை இருப்பிடத்தை 8 மணி நேரத்துக்குப் பகிரச் செய்துவிடுங்கள். ஆனாலும் வாணவேடிக்கை முடிந்து கூட்டம் கலைகையில் வரைபடத்துப் புள்ளியை நம்பி ஆளைத் தேடுவது கடினம். சந்திக்க வேண்டிய இடத்தைக் காலையிலேயே நேரில் காட்டி, உங்கள் எண்ணை +1 உடன் ஒரு தாளில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். வரைபடமும் புகைப்படமும் மதியத்துக்குள் மின்கலத்தைத் தின்றுவிடும் என்பதால், 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று அவசியம். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். காரில் செல்வதானால், நிறுத்திய வரிசையின் பெயர்ப் பலகையை இறங்கியவுடன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்; இரவு திரும்பும்போது தூங்கும் மகள் உங்கள் தோளில் இருப்பாள்.