மறதிநோயை ஆராய விரும்பும் மகள்: ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

அன்புள்ள ஐயா,

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்த உங்கள் மகள், மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளியைச் சற்றுத் தவறவிட்ட நிலையில், மறுபடியும் பரீட்சைக்குத் தோற்ற மறுத்து, மறதிநோயை ஆராயும் நரம்பியல் விஞ்ஞானியாக வேண்டும் என்று உறுதியாக நிற்பதைக் கண்டு கலங்கி எழுதியிருக்கிறீர்கள். "டாக்டருக்குப் படிக்காமல் மூளையை எப்படி ஆராய்வது?" என்பதே உங்கள் முதற் கேள்வி. தாராளமாக ஆராயலாம், ஐயா. இந்தத் துறையின் ஆய்வுகூடங்களில் மருத்துவர்களோடு உயிர் இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உளவியல், புள்ளிவிபரவியல் படித்தவர்களும் சரிசமமாகப் பணியாற்றுகிறார்கள்.

அந்த வேலை என்னவென்று சொல்கிறேன். 1901ஆம் ஆண்டு பிராங்பர்ட் நகரில் மறதிநோயின் முக்கிய வகையான அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த அலோயிஸ் அல்சைமர் என்ற மருத்துவர், நினைவு தடுமாறிய 51 வயதுப் பெண்ணொருவரைப் பரிசோதித்தார். 1906இல் அந்தப் பெண் இறந்தபின் மூளையை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்கிய இழைகளையும் கண்டார். அமிலோயிட், டோ என்னும் இரு புரதங்களே அவை என்று பிற்காலத்தில் தெரியவந்தது. ஆனால் அவை ஏன் சேர்கின்றன, சேர்ந்தவர்களிலும் சிலர் ஏன் தெளிவாகவே இருக்கிறார்கள் என்பவற்றுக்கு முழுமையான விடை இன்னும் இல்லை. 2023இல் அமெரிக்கா முழு அங்கீகாரம் வழங்கிய லெக்கானமாப் என்ற மருந்துகூட நோயின் வேகத்தைச் சிறிது தணிக்கிறதே தவிர, போன நினைவை மீட்டுத் தருவதில்லை. உலகில் 55 மில்லியனுக்கும் அதிகமானோர் மறதிநோயுடன் வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே உங்கள் மகள் தேடும் வேலை இல்லாத ஊருக்குப் போகும் வழியன்று.

சென்ற மாதம் அவர் என்னைச் சந்தித்தபோது சொன்னதை நீங்கள் அறிவீர்களோ தெரியாது. அப்பாயி, அதாவது உங்கள் தாயார், விடியற்காலையில் எழுந்து, இருட்டிலேயே தேயிலை பறிக்கப் போகும்போது இடுப்பில் சுற்றும் படங்கைக் கட்டிக்கொண்டு, கொழுந்துக்கூடையைத் தேடுகிறாராம். "பிரட்டுக்குப் பிந்தினால் பேர் விழாது" என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் பிந்தி அன்றைய சம்பளத்தை இழந்துவிடுவோமோ எனப் பதறுகிறாராம். எந்த மலையில் கொழுந்து முற்றியிருக்கிறது என்று சொல்லும் அவருக்குத் தன் பேத்தியின் பெயர் வருவதில்லை. இதைச் சொன்னபோது உங்கள் மகள் அழவில்லை, "பள்ளிக்கூடமே போகாத அப்பாயியை எந்தக் கேள்வி கேட்டுச் சோதிப்பார்கள்?" என்று என்னிடம் கேட்டார்.

ஓர் ஆராய்ச்சியாளர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். 1975இல் வெளிவந்து உலகெங்கும் பயன்படும் முப்பது புள்ளிச் சோதனையொன்று, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்கிறது, ஒரு வசனம் எழுதச் சொல்கிறது, ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்கிறது, கட்டடத்தின் எத்தனையாவது மாடியில் இருக்கிறோம் என்றும் கேட்கிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்து, பென்சிலைப் பிடிக்காமலே ஆயுளைக் கழித்த ஒருவர் அதில் குறைந்த புள்ளி பெற்றால், அது நோயா, அவருக்கு மறுக்கப்பட்ட கல்வியா? குறைந்த கல்வியும் உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் காற்று மாசும் இந்நோய்க்கான ஆபத்துக் காரணிகள் என்று 2024இல் லான்செட் மருத்துவச் சஞ்சிகையின் ஆணைக்குழு பட்டியலிட்ட பதினான்கில் அடங்குகின்றன. இவற்றைத் தோட்டத்து மக்களிடையே, அவர்களுடைய பேச்சிலேயே கேட்டு ஆராய்வதற்கு உங்கள் மகளைப் போன்றவர்கள் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி வழியைப் பார்ப்போம். பேராதனையிலோ கொழும்பிலோ விஞ்ஞான பீடத்தில் சேர்ந்து, மூலக்கூற்று உயிரியல் போன்ற துறையில் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தை நல்ல வகுப்பில் முடிக்க வேண்டும். நுவரெலியா மாவட்ட மாணவர் என்பதால் மாவட்ட ஒதுக்கீடும் பின்தங்கிய மாவட்டங்களுக்குரிய மேலதிக இடங்களும் அவருக்கு உண்டு. அதன்பின் கலாநிதிப் பட்டத்துக்குப் பெரும்பாலும் வெளிநாடு செல்ல நேரும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: விஞ்ஞானத் துறையில் முறையான கலாநிதி ஆய்வு இடங்கள் பெரும்பாலும் கட்டணத்தை விலக்கி, மாதாந்த உதவித்தொகையும் தருவன, எனவே இலட்சக்கணக்கில் பணம் கேட்டு இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லும் முகவர்களை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்.

காலம் நீண்டது என்பதையும் மறைக்கமாட்டேன். பட்டம், கலாநிதி ஆய்வு, அதற்குப் பிந்திய தற்காலிக ஆய்வுப் பதவி எல்லாம் முடியும்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்கும். அதுவரை வருமானம் சுமாராகவே இருக்கும். தமிழ்மொழி மூலம் உயர்தரம் படித்தவருக்குப் பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டு ஆங்கிலம் கடுமையாகவே தோன்றும். என்னிடம் வந்து போன பல பிள்ளைகள் பாடத்தில் தளராமல் மொழியில் தளர்ந்தார்கள். ஆகையால் அனுமதி கிடைக்கும் வரையுள்ள மாதங்களை ஆங்கிலத்துக்கும் அடிப்படைப் புள்ளிவிபரவியலுக்கும் கொடுக்கட்டும். மருத்துவமே வேண்டும் என்று அவராக விரும்பினால் மறுபடியும் தோற்றலாம், நரம்பியல் மருத்துவர்களும் ஆராய்கிறார்கள். ஆனால் உங்கள் மனக்குறைக்காக மட்டும் அவரை மீண்டும் ஓராண்டு உட்கார வைக்க வேண்டாம்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கற்கைநெறிகளின் விருப்ப ஒழுங்கைப் பின்னர் மாற்றுவது கடினம். அதை நிரப்புவதற்கு முன், பெறுபேற்றுத் தாளுடன் மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை வாருங்கள். அதற்கிடையில் அப்பாயியை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காட்டிவிடுங்கள்; தைரொயிட் குறைபாடும் விட்டமின் பி12 குறைபாடும்கூட இத்தகைய தடுமாற்றத்தைத் தரும், அவற்றுக்கு மருந்து உண்டு.