சிகரெட் ரத்தத்தில் ஓடுமா? – கேள்வி பதில்

புகை, குடி, சாப்பாடு போன்ற பழக்கங்கள் எங்கிருந்து வருகின்றன என்ற ஆய்வுகளைப் படிப்பதும் பாடம் எடுப்பதும்தான் என் வேலை. நான் மருத்துவர் இல்லை, அதனால் மாத்திரை மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

சார், தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறையாகச் சிகரெட். இது ரத்தத்திலேயே ஊறியதா?

ஓரளவு ஆமாம். 15ஆம் குரோமோசோமில், மூளையில் நிகோடின் போய் ஒட்டும் புரதங்களுக்கான மரபணுக்கள் இருக்கின்றன. அங்கே ஒரு குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்கள் தினமும் கொஞ்சம் கூடுதலாகப் புகைக்கிறார்கள் என்று 2008இல் வெவ்வேறு குழுக்கள் கண்டுபிடித்தன. அதேபோல, கல்லீரல் நிகோடினை எவ்வளவு வேகமாகச் சிதைக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். மெதுவாகச் சிதைப்பவருக்குக் குறைவான சிகரெட்டே போதும்.

ஆனால் உங்கள் அப்பா மரபணுவை மட்டுமா கொடுத்தார்? பாக்கெட்டையும் மேஜை மேலேயே வைத்திருந்தார் இல்லையா? வீட்டுக் கதையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

அப்படியென்றால் எப்படிப் பிரிக்கிறார்கள்? "60 சதவீதம் மரபணு" என்றெல்லாம் செய்தியில் போடுகிறார்களே?

இரட்டையர்களை வைத்துத்தான். ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கு மரபணு ஏறக்குறைய முழுவதும் ஒன்று. தனித்தனிக் கருவில் வந்தவர்களுக்குச் சராசரியாகப் பாதி. முதல் வகை ஜோடி ஒரு பழக்கத்தில் எவ்வளவு கூடுதலாக ஒத்துப்போகிறது என்று பார்த்து மரபணுவின் பங்கைக் கணக்கிடுகிறார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, 2000இல் வெளியான ஸ்வீடன் இரட்டையர் ஆய்வு. ஆண்களில் மரபணுவின் பங்கு எல்லாத் தலைமுறையிலும் 60 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பெண்களில் கதையே வேறு. 1925க்கு முன் பிறந்தவர்களிடம் மரபணுவின் பங்கு கிட்டத்தட்ட எதுவும் இல்லை. 1940க்குப் பின் பிறந்தவர்களிடம் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டது!

இடைப்பட்ட சில பத்தாண்டுகளில் ஸ்வீடன் பெண்களின் மரபணு மாறிவிடவில்லை. பெண் புகைப்பதை ஊர் பார்த்த விதம் மாறியது. யாருமே சிகரெட்டைத் தொடாத இடத்தில், எளிதில் அடிமையாகும் உடம்பும் அடிமையாகாத உடம்பும் வெளியே ஒன்றுபோலத்தான் தெரியும். ஆக, 60 என்பது உங்கள் உடம்பில் எழுதிய எண் அல்ல. அந்த ஊர், அந்தக் காலம், அந்தக் கூட்டம் பற்றிய எண். செய்தியில் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நம் நாட்டில் 2016-17 கணக்கெடுப்பின்படி புகைக்கும் ஆண்கள் 19 சதவீதம், பெண்கள் 2 சதவீதம். இந்த இடைவெளிக்கு மரபணுவைத் தேட வேண்டியதில்லை. சிகரெட் கம்பெனிகளுக்கு இது நன்றாகவே தெரியும்.

அக்கா ஒருவரின் கேள்வி: அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று வீட்டுக்காரர் கட்டுரை காட்டுகிறார். உண்மையா தம்பி?

கட்டுரை இருக்கும் அக்கா, ஆனால் அதில் ஓட்டை இருக்கிறது. ஏற்கெனவே நோய் வந்து குடியை விட்டவர்களும் "குடிக்காதவர்" பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் அளவாகக் குடிப்பவர் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்.

2019இல் சீனாவில் இதைச் சாமர்த்தியமாகச் சோதித்தார்கள். கிழக்காசியாவில் பலருக்கு ஒரு மரபணு மாற்றம் உண்டு. குடித்தால் முகம் சிவந்து குமட்டும், அதனால் குறைவாகவே குடிப்பார்கள். அந்த மரபணுவை வைத்து ஆண்களைப் பிரித்துப் பார்த்ததில், குடி கூடக் கூட ரத்த அழுத்தமும் பக்கவாதமும் கூடின. அளவான குடி பக்கவாதத்திலிருந்து காக்கும் என்பதற்கு அடையாளமே இல்லை. அங்கே பெண்களில் வழக்கமாகக் குடிப்பவர் 2 சதவீதம்தான். அதனால் பெண்களிடம் அதே மரபணுவால் ரத்த அழுத்தம் மாறவில்லை. ஆக, வித்தியாசம் மரபணுவால் நேராக வந்ததில்லை, குடியால் வந்தது. வீட்டுக்காரரிடம் இதைக் காட்டுங்கள்.

நண்பன் குண்டானால் நாமும் குண்டாவோமாமே?

2007இல் கிறிஸ்டாகிஸ், ஃபௌலர் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் பல பத்தாண்டுகளாக நடக்கும் இதய ஆய்வில் இருந்த 12,067 பேரை வைத்துச் சொன்னது. நண்பர் பருமனானால் நமக்கு அந்த வாய்ப்பு 57 சதவீதம் கூடுமாம். நான் பாதிதான் நம்புகிறேன். அடுத்த ஆண்டே வேறு இருவர் அதே மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். முகப்பரு, தலைவலி, ஏன், உயரம்கூட நண்பர்களிடம் "தொற்றியது"! நம்மைப் போன்றவர்களைத்தானே நண்பர்களாக்கிக் கொள்கிறோம்? அதைக் கழித்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

ஹெராயின் மாதிரியான அடிமைத்தனத்தில் சூழலுக்கு என்ன வேலை? அது மூளையில்தானே நடக்கிறது?

மூளையில்தான். ஆனாலும் வியட்நாம் போரிலிருந்து 1971இல் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் பின்தொடர்ந்தார். அங்கே ஐந்தில் ஒருவர் போதைக்கு அடிமையாக இருந்திருக்கிறார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். போர் இல்லை, மலிவான சரக்கு இல்லை, கூட இருந்த ஆட்களும் இல்லை. நம் ஊர் மறுவாழ்வு மையத்திலிருந்து அதே தெருவுக்கு, அதே கடை வாசலுக்குத் திரும்புகிறவனுக்கு இந்த வசதி கிடைப்பதில்லை.

வயது 42. இருபது வருடப் பழக்கம். இனி விட்டு என்ன ஆகப்போகிறது?

நிறைய. ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் தொடங்கிய ஆய்வு 50 ஆண்டு ஓடியது. விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தார்கள். 40 வயது வாக்கில் விட்டவர்கள் அதில் ஒன்பது ஆண்டை மீட்டார்கள், 50இல் விட்டவர்கள் ஆறு, 60இல் விட்டவர்கள்கூட மூன்று. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் விடுவதற்கு ஆலோசனை தருகிறார்கள். முதல் சிகரெட்டை எழுந்து எத்தனை நிமிடத்தில் பற்ற வைக்கிறீர்கள் என்பதையும் மறக்காமல் அவர்களிடம் சொல்லுங்கள். உங்கள் உடம்பு நிகோடினுக்கு எவ்வளவு பழகியிருக்கிறது என்று அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.