வடம் தொட்டவனும் வடம் இழுத்தவனும்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் முக்கால்வாசி கபடி. பொங்கல் போட்டிகள் முடிந்து ஊருக்கு ஊர் மனஸ்தாபம் மட்டும் மிச்சமிருக்கிற நேரம், வேறென்ன வரும்? ஐந்தை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: மகன் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு வருடமாகப் பள்ளிக் கபடி செட்டில் இருக்கிறான், ஆனால் உள்ளே இறக்குவதே இல்லை. இப்போது பயிற்சிக்குப் போகமாட்டேன் என்கிறான். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் வந்துவிடக் கூடாதே என்று அதட்டித்தான் அனுப்புகிறேன். சரிதானா சார்? (ஆலங்குளம் பக்கமிருந்து ஒரு தகப்பனார்)

பதில்: அதட்டாதீங்க. சாயங்காலம் அவன் சாப்பிட்டு முடித்த பிறகு, "அங்கே போய் நீ என்னல செய்வே?" என்று சும்மா கேட்டுப் பாருங்கள். தண்ணி பாட்டில் எடுத்துக் கொடுப்பேன், சட்டையையும் செருப்பையும் பார்த்துக்குவேன் என்பான். அவன் விடப் பார்ப்பது கபடியை இல்லை, செருப்புக் காவலை. அதை நீங்களும் நானும் என்றால் ரெண்டே வாரத்தில் விட்டிருப்போம், அவன் ரெண்டு வருடம் தாக்குப்பிடித்திருக்கிறான்.

ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் நின்றிருப்பீர்கள். வடத்தைப் பிடித்திருக்கிற அத்தனை பேருமா இழுக்கிறார்கள்? கையை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறவன் எத்தனை பேர், செல்போனில் படம் எடுக்கிறவன் எத்தனை பேர். இதைக் கணக்காகவே அளந்த ஒருத்தர் இருக்கிறார். ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து, 1913இல் முடிவை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருத்தனும் தனியாக இழுக்கிற பலத்தில் பாதிதான் போடுகிறான். எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காததும் ஒரு காரணம்தான். ஆனால் 1974இல் இன்னொரு குழு, பின்னால் ஆள் நின்று இழுப்பதாக ஒருவனை நம்பவைத்து, உண்மையில் அவனை மட்டும் இழுக்கவிட்டுப் பார்த்தது. அப்போதும் பலம் குறைந்தது. நான் இழுத்தது தனியாகத் தெரியப்போவதில்லை என்றால் கை தானாகத் தளர்ந்துவிடுகிறது, சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது.

கபடியில் ஏழு பேர் ஆடுவார்கள், செட்டில் பன்னிரண்டு பேர் வரை இருப்பார்கள். வெளியே இருக்கிற ஐந்து பேரின் இழுப்பு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை, பிரச்சினையே அதுதான். என்னிடம் இப்படி ஒரு பையன் இருந்தான், ஒல்லி. மேட்ச் நடக்கும்போது எதிர் செட்டு ரைடரை, அதாவது பாடிக்கொண்டு வருகிறவனை, மட்டும் பார், எந்தக் காலை முதலில் வைக்கிறான், எந்தப் பக்கம் திரும்புகிறான், அதை மட்டும் எழுது என்று ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். முதல் மேட்ச்சில் ஒன்றும் உருப்படியாக எழுதவில்லை. மூன்றாவதில் அரைநேர இடைவேளையின்போது ஓடிவந்து, "சார், அவன் போனஸ் பாயிண்டுக்குப் போகும்போது மட்டும் இடது தோளை இறக்குறான்" என்றான். அதற்கப்புறம் ஓரத்தில் நின்று ரைடரைப் பிடிக்கிற கார்னர் பையனே வந்து, தண்ணி குடிக்கும் முன்னால், அந்த நோட்டைக் கேட்க ஆரம்பித்துவிட்டான். ஒல்லிப் பையன் அந்த வருடமும் பெரிதாக உள்ளே இறங்கவில்லை. ஆனால் ஒருநாள்கூட லீவு போடவில்லை.

பி.டி. சாரைப் போய்ப் பாருங்கள். "என் மகனை இறக்குங்க" என்று கேட்காதீர்கள், அது எல்லா அப்பாவும் கேட்பது. "அவனுக்கு ஒரு வேலை கொடுங்க சார்" என்று கேளுங்கள். அதற்கப்புறமும் அவன் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஒன்பதாம் வகுப்பில் கபடியை விட்டதால் யார் வாழ்க்கையும் கெட்டதாக நான் பார்த்ததில்லை.

கேள்வி: எங்கள் செட்டில் ஒரே ஒரு நல்ல ரைடர். பயிற்சிக்கு வரமாட்டான், மேட்ச் அன்றைக்கு பைக்கில் வந்து இறங்குவான், ஜெயித்தால் தன்னால்தான் என்பான். மற்றவர்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள். நான் கேப்டன். அவன் இல்லாமல் ஜெயிக்கவும் முடியாது. (சங்கரன்கோவில்)

பதில்: தம்பி, அவனுக்குத் தலைக்கனம் ஏற்றினது யார்? போன பொங்கலுக்கு அவன் படத்தைப் பெரிதாகப் போட்டு, உங்களையெல்லாம் ஓரத்தில் பாஸ்போர்ட் சைஸில் ஒட்டி, ஃப்ளெக்ஸ் வைத்தது நீங்கள்தானே?

பயிற்சிக்கு வராதவன் முதல் பாதியில் வெளியே உட்காருவான் என்று பதினைந்து நாள் முன்னாலேயே பொதுவாகச் சொல்லிவிடு. யாரையும் குறிப்பிடாதே, நீயே வராவிட்டாலும் அதுதான் விதி. அப்புறம் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, டீக்கடையில் வைத்தாவது, ஒரு விஷயம் கேள். கபடியில் அவுட் ஆனவன் தானாக உள்ளே வர முடியாது. உள்ளே இருக்கிறவன் ஒரு ஆளை அவுட் ஆக்கினால்தான் வெளியே இருக்கிறவன் ஒருத்தன் திரும்ப வருவான், அதுவும் வெளியே போன வரிசைப்படி. எத்தனை பெரிய ரைடரும் ஒரு மேட்ச்சில் ரெண்டு மூன்று தடவையாவது பிடிபட்டு வெளியே உட்கார்ந்துதான் ஆகணும். "உன்னை உள்ளே கூட்டிட்டு வர்றது யாருடா?" இதை மட்டும் கேட்டுவிட்டு டீயைக் குடி. எல்லார் முன்னாலும் கேட்டாயோ, அடுத்த வாரம் பக்கத்து ஊர் செட்டில் ஆடுவான்.

முதல் பாதியில் அவனை உட்காரவைத்து ஒரு மேட்ச் தோற்றாலும் தோற்பீர்கள். தோற்றுவிட்டுப் போங்கள்.

கேள்வி: ஒரு பாயிண்டுக்கு ஐம்பது ரூபாய் என்று பையன்களுக்கு அறிவிக்கலாமா? நன்றாக ஆடுவார்கள் அல்லவா? (அம்பாசமுத்திரம், ஊர்ப் பெரியவர் ஒருவர்)

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. நல்ல மனசுதான், ஆனால் வேண்டாம். 1973இல் அமெரிக்காவில் மூன்று பேர், படம் வரைவதில் ஆசையுள்ள நர்சரிக் குழந்தைகளைப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் "வரைந்தால் பரிசுப் பத்திரம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, பரிசு ஒன்றும் இல்லாத நேரத்தில் பார்த்தால், மற்றப் பிள்ளைகள் வரைந்த நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி நேரம்தான் அவர்கள் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. போதாததற்கு, பாயிண்டுக்குக் காசு என்றால் கபடியில் ரைடருக்குத்தான் போகும், கால்முட்டி தேய்ந்து கார்னரில் நிற்கிறவன் கையில் என்ன மிஞ்சும்? மேட்ச் முடிந்ததும், தோற்றிருந்தாலும், சொல்லாமல் கொள்ளாமல் பன்னிரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்ப் புரோட்டா வாங்கிக் கொடுங்கள். சால்னாவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

கேள்வி: நான் ஹாக்கி ஆடுகிறேன், பத்தாம் வகுப்பு. அப்பா ஒவ்வொரு மேட்ச்சுக்கும் வந்து கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறார். பந்து வந்தாலே பயமாக இருக்கிறது. (கோவில்பட்டி)

பதில்: தங்கச்சி, இந்தப் பக்கத்தை அப்பா கண்ணில் படுகிற இடத்தில் விரித்து வைத்துவிடு. அப்பாவுக்கு: ஐயா, சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று 1992இல் வந்தது. நல்லதைச் செய்தால் உடனே பாராட்டு, தப்புச் செய்தால் தைரியம் சொல்லிச் சரியாகச் செய்யக் கற்றுக்கொடு என்று சில பயிற்சியாளர்களுக்கு மட்டும் பழக்கினார்கள். அடுத்த வருடம் அவர்களிடம் ஆடின பிள்ளைகளில் நூற்றுக்கு 5 பேர்தான் நின்றுபோனார்கள், பழக்காதவர்களிடம் 26 பேர். உங்கள் மகளுக்குப் பந்தும் தெரியவேண்டும், உங்கள் குரலும் கேட்கவேண்டும் என்றால் ரெண்டில் ஒன்றைத்தான் அவளால் கவனிக்க முடியும். கோவில்பட்டிக்காரருக்கு ஹாக்கியைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டு பார்ப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: பேரும் ஊரும் போடவேண்டாம். பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குச் சாயங்காலம் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். ரெண்டு தெருப் பையன்கள். நன்றாகத்தான் ஆடுகிறார்கள், ஆனால் கார்னரும் அவன் பக்கத்தில் நிற்கிறவனும் கை கோர்த்து நிற்கவேண்டிய இடத்தில் இந்தத் தெருப் பையன் அந்தத் தெருப் பையன் கையைப் பிடிப்பதில்லை. ரைடர் வந்து நடுவில் தொட்டுவிட்டுப் போகிறான். ஒற்றுமையைப் பற்றி நிறையப் பேசிப் பார்த்துவிட்டேன்.

பதில்: இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தெரு என்று நீங்கள் எழுதியிருப்பது என்னவென்று நம்ம பக்கத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

பேசாதீர்கள். பேசப் பேச அவன் எந்தத் தெரு என்பதுதான் அவனுக்கு ஞாபகம் வரும். 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், ஷெரிஃப் என்ற உளவியலாளர் பதினொரு வயசுப் பையன்கள் 22 பேரை ரெண்டு குழுவாகப் பிரித்து முகாமில் தங்கவைத்தார். கயிறு இழுக்கும் போட்டி, பேஸ்பால் என்று மோதவிட்டதும் சில நாளிலேயே கொடியை எரிக்கிற அளவுக்குப் போய்விட்டது. (மூட்டிவிட்டதே பெரியவர்கள்தான் என்று பிற்பாடு விமர்சனம் வந்தது. நம்ம ஊரில் மட்டும் என்ன வாழுதாம்?) ஒன்றாகச் சாப்பிடவைத்தார்கள், சாப்பாட்டை எடுத்து எறிந்துகொண்டார்கள். ஒன்றாகப் படம் பார்க்கவைத்தார்கள், பிரயோஜனமில்லை. அப்புறம் குடிதண்ணீர் நின்றுபோனது, எல்லாரும் சேர்ந்து தேடவேண்டி வந்தது. ஒருநாள் சாப்பாடு வாங்கப் போகவேண்டிய லாரி கிளம்பவில்லை. எந்தக் கயிற்றை வைத்து ஒருத்தனை ஒருத்தன் இழுத்தார்களோ அதே கயிற்றை லாரியில் கட்டி, எல்லாரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். ஒரே நாளில் எதுவும் மாறவில்லை, ஆனால் முகாம் முடிந்து ஊர் திரும்பும்போது ஒரே பஸ்ஸில் போகலாம் என்று அவர்களே கேட்டார்கள்.

உங்களிடம் லாரி இல்லை, மூன்று பேர் ஆட்டம் இருக்கிறது. உள்ளே மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் சூப்பர் டேக்கிள், ரெண்டு பாயிண்ட். தினமும் கடைசி இருபது நிமிடம் மூன்று பேரை மட்டும் உள்ளே விடுங்கள். யார் யார் என்பதை உயரத்தையும் எடையையும் பார்த்துப் போடுங்கள், அது தானாகக் கலந்து வரும். உங்களிடம் இருக்கிறதிலேயே முரட்டு ரைடரை அனுப்புங்கள். மூன்று பேர் கை கோர்க்காமல் அவனைப் பிடிக்கவே முடியாது. முதல் வாரம் மணிக்கட்டைத்தான் பிடிப்பார்கள், அதுவும் சட்டைத் துணி மாதிரி ரெண்டு விரலில். பார்த்தும் பார்க்காத மாதிரி இருங்கள். ரைடர் தப்பித்துப் போனால், "ஏல, பிடி லூசு" என்று மட்டும் சொல்லுங்கள், அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

இன்னொன்று. கையில் கட்டியிருக்கிற கலர் கயிறு. அதைப் பற்றியும் பிரசங்கம் செய்யாதீர்கள். கபடியில் நகம் வெட்டியிருக்கவேண்டும், மோதிரம், காப்பு எதுவும் போடக் கூடாது என்பது விதி, எதிராளிக்குக் காயம் படும் என்பதற்காக. களத்துக்குள் கால் வைக்கும் முன்னால் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, நகத்தைப் பாருங்கள், மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள், அந்த வரிசையிலேயே கயிற்றையும். ஒரு டப்பா வையுங்கள். உங்கள் கையில் ஏதாவது கட்டியிருந்தால் முதலில் அதை அதில் போடுங்கள்.