துணியும் மின்சுற்றும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

துணியில் மின்சுற்றுத் தைத்து வீட்டுப் பொருட்கள் வடிவமைப்பது என் வேலை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

தொட்டால் விளக்கு எரியும் தலையணை உறை செய்ய ஆசை. நூலில் எப்படி மின்சாரம் பாயும்?

பருத்தி நூலில் பாயாது. நைலான்மேல் வெள்ளி முலாம் பூசிய நூலோ, எவர்சில்வர் இழைகளை முறுக்கிய நூலோ வேண்டும். வெள்ளி நூல் கைத்தையலுக்கு இணங்கும். எவர்சில்வர் நூல் விறைப்பானது, முடிச்சில் நிற்காது, ஆனால் கறுக்காது. விரல் நெருங்கும்போது தையலின் மின்தேக்குத்திறன் மாறும். ஒரு சிறு மின்னணுச் சில்லு (சிப்) அதை உணர்ந்து விளக்கைப் போடும். கைபேசித் திரையும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒன்றை மறக்காதீர்கள்: தலையணையை விரல் மட்டுமா தொடும்? நடுவில் தைத்தால், நள்ளிரவில் புரண்டு படுக்கும்போதெல்லாம் விளக்கு எரியும். ஓரத்தில் தையுங்கள்.

நான் செய்த விரிப்பு நான்கு துவைப்புக்குப் பின் வேலை செய்யவில்லை. நூல் மட்டமா?

நூலைத் திட்டுவதற்கு முன், மின்பாதை அறுந்திருக்கிறதா என்று அளந்து காட்டும் மல்டிமீட்டரை எடுங்கள். என் முதல் மேசை விரிப்பு மூன்றாம் துவைப்பிலேயே செத்தது. அளந்து பார்த்தால் நூல் முழுக்க நலம். மின்சுற்றுப் பலகையோடு நூலை ஒட்டிய பசை முடியும் விளிம்பில் மட்டும் அறுந்திருந்தது. மென்மையான நூல் கடினமான பலகையைச் சந்திக்கும் இடம்தான் இந்தத் தொழிலின் தலைவலி. உலோகத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் செய்யலாம் என்றால், அதற்கான சூட்டுக்கோலின் நுனி 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நைலானோ வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரிக்குள் உருகிவிடும். முடிச்சிட்டுப் பசை வைத்தால், ஒவ்வொரு முறையும் நூல் அதே இடத்தில் மடிந்து மடிந்து அறுந்துபோகும்.

நான் இப்போது உலோகப் பிரஸ் பட்டன்களையே நம்புகிறேன். ஒரு பாதி துணியில், மறுபாதி மின்சுற்றில். துவைக்குமுன் மின்சுற்றையும் மின்கலத்தையும் கழற்றிவிடலாம். வெளுப்பான் கலந்த சோப்பைத் தவிர்த்துவிடுங்கள். வெள்ளி முலாமுக்கு அது எமன்.

உடல் சூட்டை உறிஞ்சிக் குளிர்ச்சி தரும் போர்வை என்கிறார்களே, ஏமாற்றா?

ஏமாற்று அல்ல, அளவுதான் சிறிது. இழைகளில் நுண்ணிய மெழுகு உறைகள் இருக்கும். சுமார் 28 டிகிரியில் உருகும் மெழுகு, கிராமுக்கு ஏறக்குறைய 240 ஜூல் வெப்பத்தை விழுங்கும். ஒரு போர்வையில் 100 கிராம் மெழுகு இருப்பதாக வைத்துக்கொண்டால் 24,000 ஜூல். உறங்கும் மனித உடல் விநாடிக்குச் சுமார் 75 ஜூல் வெளியிடுகிறது. அத்தனையும் மெழுகுக்குள் போனால்கூட ஐந்தரை நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். போர்த்தியவுடன் கிடைக்கும் சுகம் உண்மை. விடியும்வரை குளிரும் என்பது விற்பனையாளரின் கற்பனை.

வெயிலுக்கேற்ப நிறம் மாறும் ஜன்னல் திரை?

வேண்டாம். வெப்பத்தில் நிறம் மாறும் சாயங்கள் புற ஊதாக் கதிரில் சீக்கிரம் வெளுத்துவிடும். அதே சாயத்தைக் கோப்பை வைக்கும் விரிப்பில் பயன்படுத்துங்கள், அழகாக இருக்கும்.

சூடாகும் மெத்தை விரிப்பை நானே தைக்கலாமா?

வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இணைப்பதானால் கூடவே கூடாது. 12 வோல்ட்டிலும் ஆபத்து உண்டு. உறையில்லாத நூல் மடிந்து தன்னையே தொட்டால் மின்பாதை பாதியாகிவிடும். மீதி நீளத்தில் ஒவ்வொரு அங்குலமும் நான்கு மடங்கு சூடாகும். சூடேறினால் அறுந்துவிடும் வெப்ப ஃபியூஸ் இல்லாமல் எதையும் தைக்காதீர்கள். குழந்தைகளுக்கும் தோல் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இது ஏற்றதல்ல.

நெசவு படித்தவள். மின்னணுவியல் தெரியாது. இதில் எனக்கு இடமுண்டா?

உங்களுக்குத்தான் முதல் இடம். 1804-இல் பிரெஞ்சு நெசவாளர் ஜக்கார்ட் தன் தறியைத் துளையிட்ட அட்டைகளால் இயக்கினார். பின்னாளில் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு ஆங்கிலக் கணிதவியலாளர் பாபேஜ் கடன் வாங்கியது அந்த அட்டைகளைத்தான்.

ஒரே தறியில் இரண்டு அடுக்காக நெய்யும் இரட்டைத் துணி நெசவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேல் துணியின் ஊடையில் (குறுக்கு நூல்) 10 மின்கடத்தும் நூல், கீழ்த் துணியின் பாவில் (நெடுக்கு நூல்) 10. இடையில், அழுத்தினால் மின்தடை குறையும் கரி கலந்த ஒரு படலம். வெறும் 20 இணைப்புகளில் 100 புள்ளிகளின் அழுத்தத்தை அறியும் இருக்கை விரிப்பு தயார். மின்னணுப் பொறியாளர் இதைத் தைத்து ஒட்டி மாதக்கணக்கில் திணறுவார். நீங்கள் தறியிலேயே முடித்துவிடுவீர்கள். நிரல் எழுத ஆள் கிடைப்பார். முதலில் ஒரு சாண் துணி நெய்து, மின்கலம் எதுவும் இணைக்காமல், மேல் நூலும் கீழ் நூலும் எங்காவது நேரடியாகத் தொடுகின்றனவா என்று மட்டும் சோதியுங்கள். அளவீட்டை அனுப்பினால் அடுத்ததைச் சொல்கிறேன்.