பூட்டிய வீட்டில் மீட்டர் ஏன் ஓடுகிறது?

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் 2 மாதமாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டில் நாளுக்கு 4 யூனிட் மின்சாரம் செலவாவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். என் சந்தேகம் முதலில் கீசர் மீதுதான்: யாரும் குளிக்காவிட்டாலும், 150 லிட்டர் தொட்டி தன் சூட்டைக் காத்துக்கொள்வதற்கே நாளுக்கு 2 முதல் 3 யூனிட் வரை இழுக்கும், வெந்நீர்க் குழாய் எங்கேனும் சொட்டினால் இன்னும் கூடும். சுவிட்ச் பெட்டியில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, ஒவ்வொன்றாக ஏற்றியபடி மீட்டரின் சிறு விளக்கைப் பாருங்கள். யூனிட்டுக்கு 1000 துடிப்பு என்று மீட்டரில் அச்சிட்டிருந்தால், 36 விநாடிக்கு ஒரு மினுக்கல் என்பது 100 வாட். கீசரை மட்டும் சில மணி நேரம் பொறுத்துக் கவனிக்க வேண்டும். சூட்டைப் பார்த்து மின்சாரத்தை விட்டு நிறுத்தும் தெர்மோஸ்டாட் அணைந்திருக்கும் வேளையில் கீசர் பரம சாது. அனைத்தையும் இறக்கிய பிறகும் மினுக்கினால், மீட்டருக்கும் பெட்டிக்கும் இடையில் யாரோ கம்பி இழுத்திருக்கலாம். அதைத் தொடாமல் நகராட்சி மின்பிரிவுக்குத் தெரிவியுங்கள்.