மோட்டார் வாகனப் பழுதுபார்க்கும் தொழிலுக்குக் கடுமையான கட்டுப்பாடும் உரிமமும் தேவையா?

தேவைதான், ஆனால் எல்லா வேலைக்கும் இல்லை.

ஒருமுறை பிரேக் பேட் மாற்றிய மறுநாளே, பிரேக்கை மிதித்தால் இரும்பை இரும்பு சுரண்டுகிற சத்தம். "புது பேட், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்றார்கள். மனசு கேட்காமல் வேறொருவரிடம் சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். உள்பக்கத்து பேட்டைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்! உராய வேண்டிய பக்கம் பிஸ்டனைப் பார்த்தபடி இருக்க, பேட்டின் பின்பக்க இரும்புத் தகடு டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள்.

இத்தனைக்கும் முதல் பட்டறையில் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அது முதலாளி பெயரில் இருந்தது. ஸ்பேனர் பிடித்தது சேர்ந்து சில மாதமே ஆன பையன். அவன் மாட்டியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் உரிமம் பட்டறைக்கு மட்டும் இருந்தால் போதாது, வேலையை முடித்தவர் பெயரும் சரிபார்த்தவர் பெயரும் பில்லில் வர வேண்டும் என்பேன்.

பணத்தில் ஏமாற்றுவது வேறு கதை. அதற்கு உரிமப் பரீட்சை தேவையில்லை. கலிஃபோர்னியாவில் 1971இல் வந்த சட்டப்படி, வேலை தொடங்கும் முன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும், முன்கூட்டியே கேட்டால் கழற்றிய பழைய பாகத்தையும் பொதுவாகத் திருப்பித் தர வேண்டும். பழைய பாகம் கைக்கு வந்தால் பாதிப் பொய் அங்கேயே அடங்கிவிடும்.

ஆயில் மாற்ற, பஞ்சர் ஒட்ட உரிமம் கேட்பது வீண் வேலை. பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், மின்சார வண்டியின் உயர் மின்னழுத்தப் பகுதி, இவற்றுக்குக் கண்டிப்பாக வேண்டும். ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிள் உள்ள வண்டியில் இணைப்பைத் துண்டித்த பிறகும், மின்சாரத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். தயாரிப்பாளர் சொன்ன நேரம் வரை காத்திருக்காமல் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. அவ்வளவு ஏன், சாதாரண பிரேக் ஆயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். நாள்கணக்கில் திறந்து கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றினால், மலை இறக்கத்தில் சூடேறி ஆயில் கொதித்து, பிரேக் பிடிக்காமல் பெடல் தரை வரைக்கும் போகலாம்.

அப்புறம், பரீட்சை தாளில் மட்டும் இருக்கக் கூடாது. இருபது வருட அனுபவத்தில் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்கிறவர் எழுத்துத் தேர்வில் தோற்றுப்போவார். ஒரு ஜோடி பேட்டைக் கையில் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.