கரடிக்கு கைத்துப்பாக்கியா?

கேள்வி: சார், நான் சியாட்டில்ல ஹெச்1பி விசால இருக்கேன். அடுத்த மாசம் அலாஸ்கா டெனாலி பார்க்ல ட்ரெக்கிங். கூட வர்ற அமெரிக்கக்கார ஃப்ரெண்டு, கரடி இருக்கு, ஹேண்ட்கன் ஒண்ணு வாங்கிக்கோங்கிறான். வாங்கலாமா?

பதில்: மொதல்ல விசாவ பாருங்க தம்பி. தற்காலிக விசால இருக்கறவங்க பொதுவா அங்க துப்பாக்கி வச்சிருக்கவே கூடாது, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு மட்டும்தான். உங்க ஃப்ரெண்டு வேணா கொண்டு வரட்டும், 2010லேருந்து நேஷனல் பார்க்ல மாநில சட்டப்படி அனுமதி உண்டு. ஆனா கிரிஸ்லி கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல ஓடும், 60 அடி தள்ளி புதர்லேருந்து கெளம்புச்சுன்னா உங்களுக்கு ஒரு செகண்ட் சொச்சம்தான், அந்த நடுக்கத்துல .44 மேக்னம் துப்பாக்கி மாதிரி கைய உதைக்கிற சாமானத்த உருவி, மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே வர்ற தலைய குறி பாக்கணும், பயிற்சி ரேஞ்சுல அட்டைய சுடறது மாதிரியா இது? சரி, உங்க ஃப்ரெண்டு கரடிய கொன்னுட்டாருன்னே வைங்க, அலாஸ்கால தற்காப்புக்குன்னாலும் தோல உரிச்சு மண்டையோட்டோட அரசாங்கத்துகிட்ட ஒப்படைக்கணும், அந்த வேலையும் சுட்டவர் தலைலதான்!

பேர் ஸ்ப்ரே, அதாவது கரடிய விரட்ட அடிக்கிற ஸ்ப்ரே, வாங்குங்க. நம்ம மிளகா காரம்தான், சுமார் 30 அடிக்கு மேகம் மாதிரி பரவும், குறி கொஞ்சம் தப்பினாலும் மூக்குல ஏறிடும். 2008ல வந்த அலாஸ்கா ஆய்வுல, கிட்டத்துல அடிச்சப்ப 90 சதவீதத்துக்கு மேல கரடி திரும்பிப் போயிருக்கு. ஃப்ளைட்ல ஏத்த மாட்டாங்க, அங்க போய் வாங்கிக்கோங்க. பைக்குள்ள திணிக்காம இடுப்புல மாட்டுங்க, காத்து உங்க பக்கம் அடிக்குதான்னும் பாத்துக்கோங்க, இல்லன்னா கரடிக்கு முன்னாடி நீங்க அழுவீங்க.